செயலாளரின் ஆண்டறிக்கை: பயிற்சியில் அணியும் கருவிகள்

தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு இந்த ஆண்டு மாதந்தோறும் தவறாமல் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். நம் நேரத்தையெல்லாம் எடுத்துக்கொண்ட வேலையைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். கால்பந்து, ஹாக்கி பயிற்சியில் ஆட்டக்காரர்கள் அணிவதற்காக நாம் வடிவமைத்த கருவிதான் அது.

இடத்தைக் குறிக்கும் ஜிபிஎஸ் ரிசீவர், வேகம் மாறுவதையும் அதிர்ச்சியையும் அளக்கும் முடுக்கமானி, உடம்பு திரும்புவதை அளக்கும் ஜைரோஸ்கோப், சின்ன லித்தியம் பேட்டரி எல்லாம் ஒரு பெட்டிக்குள் இருக்கும். இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே, பனியனின் முதுகுப் பையில் அது உட்காரும். முதல் மாதிரியின் ரிசீவர் விநாடிக்கு ஒரு முறைதான் இடத்தைக் குறித்தது. வேகமாக ஓடுகிறவர் அதற்குள் 8 மீட்டர் போய்விடுவார். நடுவில் வளைந்து ஓடியிருந்தாலும் திரையில் நேர்கோடுதான். விநாடிக்கு 10 முறை குறிக்கும் ரிசீவரைப் போட்டதும் அந்த இடைவெளி 80 சென்டிமீட்டராகக் குறைந்தது. முடுக்கமானியிலும் இதே மாதிரி ஒரு சிக்கல். புவியீர்ப்பைப் போல 16 மடங்கு வரை அளப்பது ஓட்டத்துக்குப் போதும், பலமான மோதலுக்குப் போதாது. 200 மடங்கு வரை அளக்கும் இன்னொன்றைப் பக்கத்திலேயே சேர்த்தோம்.

எங்களை அதிகம் அலைக்கழித்தது துணிதான். ஒரு ஆட்டக்காரியின் பதிவில் மட்டும் ஒவ்வொரு அடிக்கும் பெரிய அதிர்ச்சி விழுந்துகொண்டே இருந்தது. இரண்டு வாரம் நிரலில் தப்பு தேடினோம். அப்புறம் தையல் தெரிந்த நம் உறுப்பினர் ஒருவர் அந்த பனியனின் பையைப் பார்த்தார். பெட்டிக்குப் பக்கத்தில் இரண்டு விரல் தாராளமாக உள்ளே போனது. கருவி தனியாகத் துள்ளிக்கொண்டிருந்திருக்கிறது! அவர் பையை ஒடுக்கி, குறுக்கே ஒரு எலாஸ்டிக் பட்டை வைத்துத் தைத்தார். மறுநாள் பதிவு சுத்தமாக வந்தது. அவருக்கு இந்தச் சபையில் என் மனமார்ந்த நன்றி.

வியர்வையும் பாடம் நடத்தியது. சார்ஜ் ஏற்றும் முனைகள் சில வாரங்களில் பச்சை பிடித்துப் போயின. அவற்றில் பேட்டரியின் மின்னழுத்தம் எப்போதும் இருந்ததால், உப்புநீர் பட்டதும் உலோகம் அரித்துவிட்டது. மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டையோடு ஒன்றை வைத்து அதைத் தடுத்தோம். புளூடூத் அலையையும் உடம்பில் உள்ள நீர் உறிஞ்சிக்கொள்கிறது, ஆள் நம் பக்கம் திரும்பி நின்றாலே தொடர்பு அறுந்தது. அதனால் இப்போது எல்லாம் கருவியிலேயே பதிவாகி, பயிற்சி முடிந்த பிறகுதான் இறங்குகிறது. கூரைக்குக் கீழே ஜிபிஎஸ் உதவாது. உள்ளரங்கத்துக்கு, ரேடியோ அலைகளைக் கொண்டு இடத்தைக் கணிக்கும் அல்ட்ரா வைட்பேண்ட் முறையை வரும் ஆண்டில் முயல்வோம்.

இப்படிப்பட்ட கருவிகளைக் கால்பந்துப் போட்டியிலும் அணிய, அந்த ஆட்டத்தின் விதிகளை வகுக்கும் ஐஎஃப்ஏபி அமைப்பு 2015-ல் வழிவிட்டது. முடிவு போட்டி நடத்துபவர்கள் கையில். நாம் இப்போதைக்குப் பயிற்சியோடு நிற்போம் என்பது என் கருத்து.

கடைசியாக ஒன்று. "நான் களைத்துப்போனதை இது காட்டினால் என்னை அணியிலிருந்து எடுத்துவிடுவீர்களா?" என்று இளம் வீராங்கனை ஒருவர் கேட்டார். அங்கே இருந்த யாரிடமும் பதில் இல்லை. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. ஆகவே செயற்குழு ஒரு தீர்மானம் கொண்டுவருகிறது: பதிவை முதலில் பார்க்கும் உரிமை அணிந்தவருக்கே, அவர் சம்மதம் இல்லாமல் அது தேர்வுக்குழுவுக்குப் போகாது, அழிக்கச் சொன்னால் அழித்துவிட வேண்டும். பொதுக்குழு இதற்கு ஒப்புதல் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.