பேய்ப்படம் எடுக்கும் பெடியள்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதத்துக்குப் பதில் போடாமல் ஒன்றரை வருடம் இழுத்துவிட்டேன், மன்னித்துக்கொள். இங்கே எல்லோரும் சுகம். காலபோகம் விதைத்தாயிற்று. அம்மாவின் கண் ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது, இப்போது என் தலையில் நரை எண்ணிக்கொண்டிருக்கிறா. உன் முழங்கால் எப்படி? அன்ரி சொன்ன எண்ணெய் பூசுகிறாயா, அதற்கும் பஞ்சியா? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

சின்னவன் படம் எடுக்கிறான். பேய்ப்படம். ஐந்து பெடியள், ஒரு போன், மாமரத்து வளவில் கூரையில்லாமல் நிற்கிற அந்த வீடு. இரத்தத்துக்கு என்ன செய்வதென்று என்னிடம் வந்தார்கள். கறுப்பு வெள்ளையில் எடுங்கள், மைலோவைத் தடிப்பாகக் கரைத்து ஊற்றுங்கள் என்றேன். செத்தவனாகக் கிடந்த பெடியனின் கழுத்தில் எறும்பு வரிசையாக ஏறிவிட்டது. அவன் அசையவே இல்லை. காட்சி முடிந்த பிறகுதான் கத்திக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினான். பெரிய நடிகனாக வருவான், பார்.

யோசனை அமெரிக்கப் பட இயக்குநர் ஜோர்ஜ் ரொமேரோவிடம் எடுத்தது. 1968இல் வந்த அவருடைய 'நைட் ஒஃப் த லிவிங் டெட்' படத்தைச் சின்னவன் ஒருநாள் போட்டுக் காட்டினான். அன்றிலிருந்து அந்த மனுஷனைப் பற்றியே தேடித் தேடி வாசிக்கிறேன். பிற்ஸ்பேர்க்கில் விளம்பரங்களும், சின்னப்பிள்ளைகளின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குத் துண்டுப்படங்களும் எடுத்துக்கொண்டிருந்தவர். பத்துப் பேர் ஆளுக்கு 600 டொலர் போட்டுத் தொடங்கினார்கள். முடிந்தபோது செலவு ஏறக்குறைய 114,000. இடிக்கவிருந்த ஒரு பண்ணை வீடுதான் களம். இரத்தம் சொக்லேட் பாகு.

கதை இதுதான். முன்பின் தெரியாதவர்கள் அந்த வீட்டுக்குள் மாட்டிக்கொள்கிறார்கள், வெளியே செத்தவர்கள் நடமாடுகிறார்கள். உள்ளே ஒரே சண்டை. நிலவறைக்குள் இறங்குவதா, மேலே நின்று கதவு ஜன்னலுக்குப் பலகை அடிப்பதா? அந்த இடத்தில் போனை வாங்கி நிறுத்திவிட்டேன், மச்சான். கடைசி யுத்தத்தில் மாத்தளனில் எங்கள் பங்கர் வாசலில் நீயும் மாஸ்டரும் பிடித்த சண்டை அப்படியே அதுதான். உள்ளேயே இருப்போம் என்றார் அவர், ஓடுவோம் என்றாய் நீ. சேலையில் தைத்த மண்மூட்டை ஒன்று கிழிந்து, மண் சின்னவனின் தலையில் கொட்டிக்கொண்டிருந்தது. அப்போது அவன் என் மடியில் கைக்குழந்தை.

படத்தில் கடைசியாக நிலவறைக்குள் இறங்குகிறவன், இறங்கவே கூடாது என்று வாதாடியவன். விடியும்வரை பிழைத்திருக்கிறான். காலையில் காப்பாற்ற வந்தவர்களே அவனைப் பேயென்று நினைத்துச் சுட்டுவிடுகிறார்கள். நடித்தவர் டுவேன் ஜோன்ஸ், கறுப்பினத்தவர். படச்சுருளைக் காரில் ஏற்றிக்கொண்டு நியூயோர்க் போகும்போதுதான் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட செய்தியை ரொமேரோ ரேடியோவில் கேட்டாராம். இரண்டு இரவு எனக்கு நித்திரை இல்லை.

இன்னொன்று கேள். படத்தை வெளியிட்டவர்கள் தலைப்பை மாற்றியபோது பழைய தலைப்போடு பதிப்புரிமைக் குறிப்பும் போய்விட்டது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி குறிப்பு இல்லையென்றால் உரிமையும் இல்லை. கண்டவனெல்லாம் பிரதி போட்டு விற்றான். அதனால்தான் உலகம் முழுக்கப் போனது என்றும் சொல்கிறார்கள், எனக்கென்றால் வயிறு எரிகிறது. அடுத்த பெரிய வெற்றிக்குப் பத்து வருடம், 1978. அதையும் ஒரு ஷொப்பிங் மோலில் கடை பூட்டிய பிறகு இரவிரவாக எடுத்திருக்கிறார். நம் பெடியள் படத்தில் பெயர் போட வெட்கப்படுகிறார்கள். ஐந்து பெயரையும் நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

மனுஷன் கடைசிக் காலத்தில் உன் ரொறன்ரோவில்தான் இருந்திருக்கிறார், 2017 ஜூலையில் அங்கேயே காலமானார். உன் பஸ்ஸில் ஏறியிருந்தாலும் உனக்குத் தெரிந்திராது, நீ கிரிக்கெட் ஸ்கோர் கேட்டுக்கொண்டிருந்திருப்பாய்.

இப்போது சின்னவன் தன் படத்திலும் ஒரு பங்கர் வேண்டும் என்கிறான். "எப்படி இருந்தது, சொல்லுங்கோ அப்பா" என்று கேட்கிறான். கொப்பித்தாளில் கீறிக் கொடுத்தேன். பனங்குற்றி, தறப்பாள், படி எல்லாம் சரியாக வந்தது. வாசல் கடல் பக்கம் பார்த்திருந்ததா, களப்புப் பக்கமா என்பது மட்டும் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. நீதான் வாசலில் நின்றாய். ஞாபகம் இருந்தால் உடனே எழுது, அந்த மாமரத்து வளவு வீட்டை இடிப்பதற்குள் எடுத்து முடிக்க வேண்டும்.

அன்புடன்,
உன் வட்டக்கச்சி மச்சான்