ஹேட்ரியன் சுவரைப் பற்றிக் காணொளி போடும் நண்பர்களுக்கு

வணக்கம் நண்பர்களே,

ராத்திரி சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து உங்கள் வரலாற்றுக் காணொளிகளைப் பார்க்கிற ஆள் நான். போன வாரம் பார்த்தது, ‘காட்டுமிராண்டிகளைத் தடுத்த மரணச் சுவர்!’ முகப்புப் படத்தில் பனி, ரத்தம், ஒரு ஓநாய். ஓநாய் எதற்கென்று கடைசிவரை தெரியவில்லை.

கி.பி. 122 வாக்கில், இன்றைய வட இங்கிலாந்தில், ரோமப் படையின் மூன்று லீஜியன்கள் (பெரிய படைப்பிரிவுகள்) கட்டத் தொடங்கிய, சுமார் 117 கிலோமீட்டர் நீளச் சுவர் அது. ரோமரையும் காட்டுமிராண்டிகளையும் பிரிக்கவே ரோமப் பேரரசர் ஹேட்ரியன் கட்டினார் என்று ஒரு பழைய நூல் சொல்கிறது. அவர் இறந்து வெகுகாலம் கழித்து எழுதிய ஒற்றை வரி; அதைத்தான் நீங்கள் இருபது நிமிடத்துக்கு இழுத்தீர்கள். தடுப்பது மட்டுமே நோக்கமென்றால், ஒன்றரை கிலோமீட்டருக்கு ஒரு சிறுகோட்டை வைத்து, அதில் வடக்குப் பார்த்து வாசலும் எதற்கு? யார் போகிறார், என்ன சரக்கு வருகிறது என்று பார்த்து அனுப்பும் செக்போஸ்ட்டாகத்தான் எனக்குப் படுகிறது. அப்புறம், நீங்கள் சொன்னதுபோல் அது இங்கிலாந்து-ஸ்காட்லாந்து எல்லை அல்ல. சுவர் முழுக்க இங்கிலாந்துக்குள்ளேயே கிடக்கிறது. தயவுசெய்து திருத்திவிடுங்கள்.

ரத்தம் இல்லாமல் கதை ஓடாது என்பீர்கள். ஓடும், இதோ ஒன்று. சுவரின் கிழக்குக் கோடியைத் தாண்டி, டைன் ஆற்று முகத்துவாரத்தில் சவுத் ஷீல்ட்ஸ் என்ற ஊர். அங்கே 1878இல் ஒரு கல்லறைக்கல் கிடைத்தது. ரெஜினா என்ற பெண்ணுடையது. தெற்கு பிரிட்டனின் கட்டுவெல்லானி குலத்தவள், அடிமையாக இருந்தவள். அவளை விடுதலை செய்து மணந்தவர் பராட்டெஸ், சிரியாவின் பல்மைராக்காரர். முப்பது வயதில் அவள் போய்விட்டாள். கல்லில் லத்தீன் வாசகம் இருக்கிறது, இலக்கணம் தடுமாறுகிறது. அதற்குக் கீழே அவருடைய சொந்த பல்மைரா எழுத்தில், பிசிறில்லாமல் ஒரே வரி: ‘ரெஜினா, பராட்டெஸ் விடுவித்தவள், ஐயோ.’ அந்த ஊரில் அதை எத்தனை பேர் வாசித்திருப்பார்கள்? யாரும் வாசிக்க வேண்டும் என்று அவர் வெட்டவைத்ததாகவும் தோன்றவில்லை.

அடுத்த காணொளியை இவர்களிடமிருந்து தொடங்குங்கள். முகப்புப் படத்துக்கு அந்தக் கல்லே போதும். அதில் செதுக்கிய ரெஜினாவின் உருவத்தில் முகம் உடைந்துபோயிருக்கிறது. ஆனால் ஒரு கை நகைப்பெட்டியைத் திறப்பதும், மடியில் நூற்கும் கதிரும், பக்கத்தில் கம்பளி உருண்டைக் கூடையும் நன்றாகவே தெரிகின்றன.

இப்படிக்கு,
உங்கள் பழைய சந்தாதாரர்