வால்ட் ஆஃப் கிளாஸ் சொல்லிக்கொடுத்த ஷெர்பாக்களுக்கு

அன்புள்ள ஷெர்பாக்களே,

டெஸ்டினி 2 வீடியோ கேமில் வால்ட் ஆஃப் கிளாஸ் ரெய்டை, அதாவது குழுவாகச் சேர்ந்து முடிக்க வேண்டிய நீண்ட சவாலை, புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வந்த அனுபவசாலி வழிகாட்டிகளான உங்கள் எல்லோருக்கும் எங்கள் குழுவின் நன்றி. 2014-இல் முதல் டெஸ்டினியில் வந்து, 2021 மே மாதம் இரண்டாம் பாகத்துக்குத் திரும்பிய ரெய்டு இது. ஆறு பேர் வேண்டும். தானாக ஆள் சேர்த்துத் தரும் வசதி இதற்குக் கிடையாது. எல்லாம் பலமுறை முடித்துவிட்டு, இனி உங்களுக்கு அங்கே எடுக்க ஒன்றும் இல்லை என்ற நிலையிலும் வந்தீர்கள்.

முதல் நன்றி, எல்லாவற்றையும் நீங்களே சுட்டுவிடாமல் இருந்ததற்கு. குறிப்பாக, ஆரக்கிள் என்ற ஒளிரும் இலக்குகளை உடைக்கும் கட்டத்தில்.

புதியவர்கள் அதிகம் கவிழ்வது அங்கேதான். ஆரக்கிள்கள் தோன்றும் இடங்கள் ஏழு. ஒவ்வொன்றுக்கும் தனி ஒலி. ஒளிரும் வரிசையை இரண்டு முறை காட்டிவிட்டு எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும், அதே வரிசையில் உடைக்க வேண்டும். முதல் சுற்றில் மூன்று, கடைசிச் சுற்றில் ஏழு. ஏழையும் மனப்பாடம் செய்யப் பார்ப்பவருக்கு நான்காவதிலேயே குழம்பிவிடும். நீங்கள் சொன்னது ஒன்றே ஒன்று: "உன் இடத்தை மட்டும் பாரு. அது எத்தனாவதா வந்துச்சு? அந்த நம்பர் போதும்." முதல் முறை காட்டும்போது எண்ணுவது, இரண்டாம் முறை சரிபார்ப்பது. ஆறு பேருக்கு ஏழு இடம் என்பதால் இரண்டு இடங்களை உங்களில் ஒருவர் வைத்துக்கொண்டார்.

வரிசை காட்டி முடியும்வரை மைக்கில் யாரும் பேசக்கூடாது என்ற கட்டளைக்குத் தனி நன்றி. பலர் தோற்பது குறி தவறியதால் அல்ல. யாரோ "ஐயோ, ஸ்னைப்பர்" என்று கத்தியதில் எண்ணிக்கை போனதால். அதனால்தான் ஆரக்கிள் வருமுன்பே பக்கவாட்டில் நின்று தூரத்திலிருந்து சுடும் எதிரிகளான ஹாப்காப்ளின்களைத் தீர்த்துவிடச் சொன்னீர்கள். ஷாட்கன் பிடித்திருந்தவரை ஸ்கவுட் ரைஃபிளுக்கு மாற்றியதும் இதில் சேர்த்தி. அந்தத் தூரத்துக்கு ஷாட்கன் எட்டாது. பிறகு, "மூணு போச்சு" என்று காதில் விழுந்த பின்தான் நான்காவது ஆள் சுட வேண்டும். கண்ணை நம்பி முந்திச் சுட்டால் ஆறு பேர் மேலும் ஆரக்கிளின் சாப முத்திரை விழும்.

டெம்ப்ளர் என்ற பெரிய எதிரியோடு மோதும்போது, ரெலிக் என்ற சிறப்புக் கேடயத்தைப் புதியவர் கையில் கொடுத்தவரின் துணிச்சலைச் சொல்லியாக வேண்டும். ரெலிக் வைத்திருப்பவர் அவசரப்பட்டு அதன் சூப்பரை (முழுச் சக்தித் தாக்குதலை) வீணாக்கினால் டெம்ப்ளரின் கவசம் இறங்காது, மற்ற ஐவரின் தோட்டாவும் வீண். தெரிந்தே கொடுத்தீர்கள். கோர்கன் என்ற எதிரிகள் உலவும் குகையில் எல்லோரும் உங்கள் பின்னாலேயே நடந்தோம், அவ்வளவுதான்.

கடைசிப் பெரிய எதிரியான ஏதியானின் கட்டத்தில் யாரையும் ஒதுக்கி வைக்க வழியில்லை. காலவாசலுக்கு உள்ளே இழுத்துப் போகப்படும் மூவர் யார் என்று முன்கூட்டித் தெரியாது. ஆகவே ஆறு பேருக்கும் இரண்டு வேலையும் தெரிய வேண்டும். உள்ளே போனவர் ஆரக்கிள் வரிசையைப் பார்த்துச் சொல்ல, வெளியே நிற்பவர் சுட வேண்டும். சொற்களை மூன்றாகச் சுருக்கினீர்கள்: கிட்ட, நடு, தூரம். சொல்வது ஒருவர் மட்டும். இரண்டாமவர் மனதுக்குள் சரிபார்ப்பார். ரெலிக் வைத்திருப்பவர் கண்ணை மறைக்கும் இருட்டைத் துடைப்பதோடு சரி. இப்படி மூன்று சுற்று. "அந்தத் தூணுக்குப் பக்கத்துல, இல்ல இல்ல, அதுக்கு இந்தப் பக்கம்" என்ற வர்ணனையெல்லாம் அன்றோடு ஒழிந்தது.

செக்பாயிண்டை, அதாவது விட்ட இடத்திலிருந்து தொடர உதவும் பதிவை, காத்தவரையும் மறக்கவில்லை. நடுவில் இருவர் போய்விட, ஏதியான் வாசலில் தன் இன்னொரு கேரக்டரை நிறுத்தி வைத்திருந்து பிறகு அழைத்தார். இந்திய நேரப்படி செவ்வாய் இரவு 10:30-க்கு விளையாட்டின் வாரக் கணக்கைப் புதிதாகத் தொடங்கும் ரீசெட் வந்தால் அந்தச் செக்பாயிண்ட் அழிந்துவிடும் என்று ஞாபகப்படுத்தி, திங்கள் இரவே எல்லோரையும் உட்கார வைத்தவரும் அவர்தான்.

நன்றியுடன்,
உங்களிடம் கற்றவர்கள்