மைக் நெல்சனின் ரசிகர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

போன கோடையில் புளோரிடாவில் நாங்கள் நடத்திய சந்திப்பு நல்லபடியாக முடிந்தது. முதல் நாள் மாலை 'சீ ஹண்ட்' தொடரின் சில பகுதிகளைத் திரையிட்டோம். மறுநாள் காலை, அதே காலத்துச் சுழியோடும் கருவிகளை மாட்டிக்கொண்டு ஊற்று நீரில் இறங்கினோம். இதற்குக் கைகொடுத்தவர்கள் பலர். அமெரிக்க நண்பர்களுக்கு அன்றைக்கே நேரில் நன்றி சொல்லிவிட்டேன். ஆனால் அவர்கள் என்ன செய்தார்கள் என்பது நம்மவர்களுக்கும் தெரியவேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அதோடு, அந்த மாலையைத் தாங்கி நடத்தியவர்கள் இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள். அதனால் இந்த மடலைத் தமிழில் எழுதுகிறேன்.

தொடரைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சில வரிகள். 'சீ ஹண்ட்' 1958 முதல் 1961 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஓடியது. கறுப்பு வெள்ளையில், ஒவ்வொன்றும் அரை மணி நேரமாக, மொத்தம் 155 பகுதிகள். கடற்படையில் சுழியோடியாக இருந்து விலகிய மைக் நெல்சன் என்பவர்தான் நாயகன். ஆர்கோநாட் என்ற படகில் போவார், மூழ்கிய விமானத்தில் சிக்கியவரை மீட்பார், கெட்டவர்களோடு நீருக்கடியில் மல்லுக்கட்டுவார். அந்த வேடத்தில் நடித்தவர் லாயிட் பிரிட்ஜஸ். தயாரிப்பாளர் ஐவன் டோர்ஸ் இந்த யோசனையோடு போனபோது பெரிய ஒளிபரப்பு நிறுவனங்கள் ஏற்கவில்லை. தண்ணீருக்குள் எத்தனை கதைதான் சொல்லிவிட முடியும் என்று நினைத்தார்கள். ஸிவ் என்ற நிறுவனம்தான் அதை எடுத்து, ஊர் ஊராக இருந்த தொலைக்காட்சி நிலையங்களுக்கு விற்றது. நான்கு பருவங்கள் ஓடிற்று. ஒரு தலைமுறையே தண்ணீரில் குதித்தது.

அப்படிக் குதித்தவர்களில் ஒருவர் என் பக்கத்து வீட்டு ஐயா. என் முதல் நன்றி அவருக்கு. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். வளர்ந்தது ஒஹாயோ மாநிலத்தில், கடலைக் கண்ணால் காண்பதற்கு முன்பே மைக் நெல்சனைக் கண்டவர். வீடு வீடாகப் பத்திரிகை போட்டுச் சேர்த்த காசில் முதல் மாஸ்க்கை வாங்கினாராம். அந்த நாளில் சுழியோடக் கற்பது இப்போதுபோல் இல்லை. லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டி 1950களின் நடுவில் பயிற்றுநர்களை உருவாக்கத் தொடங்கியிருந்தது. சுழியோடப் பயிற்சி தந்து சான்றிதழ் வழங்கும் நௌயி அமைப்பு 1960இலும் பாடி அமைப்பு 1966இலும்தான் வந்தன. மற்ற ஊர்க்காரர்களில் பலருக்குக் கடையில் வாங்கிய கருவியும், தொலைக்காட்சியில் பார்த்ததும், துணிச்சலும்தான் பாடம். மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வரக்கூடாது என்பது போன்ற விஷயங்களை மைக் நெல்சன் கதைக்கு நடுவே சொல்லிக்கொண்டு போவார். அந்த ஒரு பேச்சு எத்தனை பேருடைய நுரையீரலைக் காப்பாற்றியதோ. ஐயா அதை இன்றைக்கும் அதே குரலில் சொல்லிக் காட்டுவார். நான் கேட்ட எந்தக் கேள்விக்கும் அவர் சலித்துக்கொண்டதில்லை. தன் சேகரிப்பில் இருந்த குறுந்தட்டுகள் முழுவதையும் நம்பி என் கையில் தந்தார்.

அடுத்து, ரெகுலேட்டர்களை, அதாவது சிலிண்டரின் காற்றை மூச்சு விடுமளவுக்கு அழுத்தம் தணித்துத் தரும் கருவிகளை, பழுதுபார்த்துத் தந்த அண்ணைக்கு. கடற்படையில் இயந்திரவியல் வேலை பார்த்தவர். எனக்காக அவர் எடுத்துக்கொண்டது இரட்டைக் குழாய் ரெகுலேட்டர். டிஏ அக்வாமாஸ்டர் என்று 1950களின் கடைசியில் வந்த வகை. இப்போது எல்லாரும் பயன்படுத்தும் ரெகுலேட்டருக்கு ஒரே குழாய்தான், மூச்சு விட்ட காற்று வாய்க்குப் பக்கத்திலேயே குமிழியாக வெளியேறும். பழையதில் முழு இயந்திரமும் பிடரிக்குப் பின்னால், சிலிண்டரின் தலையில் உட்கார்ந்திருக்கும். மடிப்பு மடிப்பான ஒரு குழாய் காற்றை வாய்க்குக் கொண்டுவரும், மற்றது விட்ட மூச்சைப் பின்னால் கொண்டுபோகும். காற்று வெளியேறும் வால்வை, நீரழுத்தத்தை உணரும் ரப்பர்த் தகட்டுக்குப் பக்கத்திலேயே வைத்தாக வேண்டும். இரண்டும் வேறு வேறு ஆழத்தில் இருந்தால் காற்று தானாகக் கொட்டத் தொடங்கிவிடும், அல்லது மூச்சு விடுவது கடினமாகிவிடும். அதனால்தான் இந்த அமைப்பு.

இதில் ஒரு அழகான விளைவு உண்டு. குமிழிகள் தலைக்குப் பின்னால் போவதால் முகத்தை எதுவும் மறைப்பதில்லை. தொடரின் ஒளிப்பதிவாளர் லமார் போரன் நீருக்கடியில் எடுத்த காட்சிகளில் பிரிட்ஜஸின் கண்கள் அவ்வளவு தெளிவாகத் தெரிவதற்கு இது ஒரு காரணம். காதருகே இரைச்சலும் குறைவு. நானே மாட்டிக்கொண்டு இறங்கியபோதுதான் இதன் அருமை முழுதாகப் புரிந்தது. மீன்கள் விலகிப் போகாமல் நின்று பார்த்தன.

அண்ணை அதை ஒரு மேசை விளக்கின் கீழே திருகு திருகாகக் கழற்றினார், வினிகரில் ஊறவைத்துப் பச்சைக் களிம்பை நீக்கினார், ஒவ்வொரு பாகத்தையும் என் கையில் வைத்து என்ன வேலை செய்கிறது என்று கேட்டார். நான் சரியாகச் சொல்லும்வரை அடுத்ததைத் தொடவில்லை. கூலி என்று ஒரு சதம்கூட வாங்கவில்லை.

பித்தளைப் பாகங்கள் அறுபது வருடம் கழித்தும் அப்படியே இருக்கின்றன. கெட்டுப்போவது ரப்பர்தான். அந்தக் குழாய்கள் வெடித்துப் போகும், மூச்சை வெளியேற்றும் வாத்தலகு வடிவ வால்வு ஒட்டிக்கொள்ளும். இவற்றை இன்று சிலிக்கோனில் புதிதாக வார்த்துத் தருகிற சிலர் இருக்கிறார்கள். பெரிய தொழிற்சாலைகள் அல்ல, ஆர்வத்தில் செய்பவர்கள். இதில் பெரிய இலாபம் இருக்க வாய்ப்பில்லை. அவர்கள் இல்லையென்றால் இந்தக் கருவிகள் எல்லாம் வரவேற்பறைச் சுவரில் தொங்கும் அலங்காரமாகவே முடிந்திருக்கும். அவர்களுக்கு நான் தனியாகக் கடிதம் எழுதியிருக்கிறேன், இங்கும் சொல்கிறேன்: நன்றி.

பழைய உருக்குச் சிலிண்டர்களுக்குக் காற்று நிரப்ப மறுக்கிற இடங்களும் உண்டு. எங்களுக்கும் அப்படி ஒரு இடத்தில் கதவு அடைத்தது. இன்னொரு கடைக்காரர்தான் உதவினார். அமெரிக்க விதிப்படி ஐந்து வருடத்துக்கு ஒருமுறை சிலிண்டரை நீரழுத்தச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும். அவர் எங்களுடையவை எல்லாவற்றையும் சோதனைக்கு அனுப்பி, உள்ளே விளக்கு விட்டுத் துரு பார்த்து, தேறியதை மட்டும் நிரப்பித் தந்தார். தேறாததைத் தயக்கமில்லாமல் ஒதுக்கினார். அதற்கும் சேர்த்தே நன்றி.

எங்கள் கூட்டத்தில் எண்பதைத் தாண்டிய ஒரு அம்மா இருக்கிறார். அவர் சுழியோட வந்ததற்குக் காரணம் ஸேல் பாரி. ஸேல் பாரி 1954இல் கலிபோர்னியாவின் கட்டலீனா தீவுக்கு அருகே 209 அடி ஆழம் போய்ப் பெண்களுக்கான சாதனை படைத்தவர். 'சீ ஹண்ட்'டில் நடித்ததோடு, நடிகைகளுக்குப் பதிலாக நீருக்கடியில் இறங்கியவரும் அவர். கதைப்படி நாயகன் காப்பாற்ற வேண்டிய அபலைப் பெண்ணாகத் திரையில் தெரிபவர், உண்மையில் அந்த இடத்திலேயே தேர்ந்த சுழியோடிகளில் ஒருவர். சிறுமியாக இருந்தபோதே தனக்கு அது தெரிந்துவிட்டது என்றார் அம்மா, நீந்துகிற விதத்திலேயே தெரிந்ததாம். கதைகளைவிட அந்த நீச்சலைப் பார்க்கத்தான் வாரம்தோறும் உட்கார்ந்திருந்தாராம். திரையிடலில் எந்தப் பகுதிகளைப் போடுவது என்று தேர்ந்தெடுத்துத் தந்தவர் அவர்தான். மிகச் சரியான தேர்வு.

உண்மையைச் சொன்னால் கதைகள் சுமார்தான். வில்லன் வந்து குழாயைக் கத்தியால் அறுப்பது திரும்பத் திரும்ப வரும். 1968இல் பிரெஞ்சுக் கடலாய்வாளர் ஜாக் கூஸ்தோ கலிப்ஸோ கப்பலோடு வண்ணத்தில் கொண்டுவந்த தொடர் எல்லா வகையிலும் மேலானது. அதற்கும் முன்பே, 1956இல், வியன்னாவின் சுழியோடித் தம்பதி ஹான்ஸ் ஹாஸும் லொட்டே ஹாஸும் பிபிசியில் கடலுக்கடியைக் காட்டிவிட்டார்கள். இருந்தாலும் எனக்கு 'சீ ஹண்ட்' மேல்தான் பிரியம் அதிகம். கூஸ்தோவைப் பார்க்கும்போது அவருக்கு ஒரு கப்பலும் குழுவும் இருக்கிறது, நமக்கு ஏது என்று தோன்றும். மைக் நெல்சனுக்கோ ஒரு சிறு படகும் முதுகில் சிலிண்டரும்தான். பார்க்கிற பையனுக்கும் பெண்ணுக்கும் நாமும் செய்யலாம் என்ற எண்ணம் வரும். எங்கள் கூட்டத்துப் பெரியவர்கள் எல்லாருமே ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறார்கள்.

நான் திருகோணமலைக்காரன் என்று தெரிந்ததும் ஒரு பெரியவர் உடனே கேட்டது கோணேசர் கோயிலைப் பற்றி. அறிவியல் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய சுழியோடி நண்பர் மைக் வில்சனும் 1956இல் சுவாமி மலையடியில் சுழியோடி, போர்த்துக்கீசியர் 17ஆம் நூற்றாண்டில் இடித்துக் கடலில் தள்ளிய கோயிலின் தூண்களையும் கற்களையும் கண்டது அவருக்குத் தெரிந்திருந்தது. எங்கள் ஊர்க் கடலை இவ்வளவு தொலைவில் ஒருவர் மனதில் வைத்திருக்கிறார் என்று கேட்டபோது நெஞ்சு நிறைந்துவிட்டது. தெற்கே இஸ்லமொராடாவில், 2005இல் திறந்த சுழியோடல் வரலாற்று அருங்காட்சியகத்துக்கு என்னைத் தன் வண்டியிலேயே கூட்டிப்போனவரும் அவர்தான். ஒரு முழு நாளைச் செலவழித்து, ஒவ்வொரு செம்புத் தலைக்கவசத்தின் முன்னும் நின்று விளக்கினார்.

சரி, இனி நம்மவர்கள். பேசிவைத்திருந்த மண்டபம் கடைசி நேரத்தில் இல்லை என்றானபோது, தங்கள் பின்வளவைத் தந்த அக்காவுக்கும் அத்தானுக்கும் எப்படி நன்றி சொல்வது? வெள்ளைப் படுக்கை விரிப்பு இரண்டைத் தைத்துத் திரையாக்கினார்கள். நுளம்புக்குப் புகை போட்டார்கள். மீன் கட்லட், றோல்ஸ், இஞ்சி போட்ட பிளேன் டீ என்று விருந்தும் வைத்தார்கள். கட்லட்டைச் சாப்பிட்ட ஒஹாயோக்காரர் செய்முறையை எழுதி வாங்கிக்கொண்டுதான் கிளம்பினார். அவர்களுடைய மகள் தன் அம்மம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, பிரிட்ஜஸின் பின்னணிக் குரலை அவ்வப்போது தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். நீருக்கடியில் நடக்கும் காட்சிகளுக்கு அதுவும் தேவைப்படவில்லை. அம்மம்மா திரையைப் பார்த்து "பின்னால ஒருத்தன் வாறான், கவனம்" என்று சத்தம் போட்டார். ஸேல் பாரியின் ரசிகையான அம்மா அதைக் கேட்டு, மொழி தெரியாமலே சரியாகப் புரிந்துகொண்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் வடக்குப் பக்கத்தில் ஒரு ஊற்றுக்குப் போனோம். தொடரின் சில காட்சிகள் எடுக்கப்பட்ட சில்வர் ஸ்பிரிங்ஸ் இன்று மாநிலப் பூங்கா. அங்கே கண்ணாடி அடித்தளப் படகில் போகலாம், ஆனால் நினைத்தபடி சுழியோட முடியாது. நாங்கள் போன ஊற்றும் அதே வகைதான். ஏறத்தாழ 22 பாகை வெப்பத்தில் நீர் வருடம் முழுக்க ஒரே மாதிரி இருக்கும், அடி மணல்வரை தெரியும். அந்த இடத்தின் உரிமையாளர் காலையில் வழக்கத்துக்கு முன்பே கதவைத் திறந்துவிட்டார். பயிற்றுநர் ஒருவர் கரையில் நின்று ஒவ்வொருவரின் ரிசர்வ் கம்பியையும் தொட்டுப் பார்த்தே உள்ளே விட்டார். அந்தக் காலத்தில் பலரிடம் அழுத்தமானி கிடையாது. காற்று குறைந்து மூச்சு இறுகும்போது அந்தக் கம்பியைக் கீழே இழுத்தால் மிச்சம் வைத்திருக்கும் கொஞ்சக் காற்று கிடைக்கும். எதிலாவது தட்டி அது முன்பே கீழே இறங்கியிருந்தால் அந்த மிச்சமும் நமக்குத் தெரியாமலே தீர்ந்துவிடும். அவர் அத்தனை கவனமாக இருந்ததால்தான் எழுபது வயதுக்காரர்களும் புதியவர்களும் ஒன்றாக இறங்கி, ஒரு குறையும் இல்லாமல் கரையேறினோம்.

திரைக்குப் பின்னால் இருந்தவர்களையும் சொல்லியாக வேண்டும். பிரிட்ஜஸுக்குப் பதிலாகக் கடினமான காட்சிகளில் இறங்கிய கோர்ட்னி பிரவுன், பின்னால் டால்பின் கதையான 'ஃபிளிப்பர்' தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான ரிக்கோ பிரவுனிங், போரன், டோர்ஸ். இவர்கள் பெயரை அன்று மாலை ஒவ்வொன்றாக வாசித்தோம். கூட்டத்தில் இருந்த பெரியவர்கள் ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டினார்கள்.

கடனாகத் தந்த கருவிகள் அனைத்தையும் நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் காயவைத்தாயிற்று. மாதக் கடைசிக்குள் அவரவர் வீட்டுக்கு நானே கொண்டுவந்து தருகிறேன். நீள்வட்டக் கறுப்பு மாஸ்க் ஒன்றும், மஞ்சள் ஃபின் ஒரு சோடியும் அக்கா வீட்டில் இருக்கின்றன. யாருடையவை என்று அவருக்குச் சொல்லுங்கள். பெயர் விடுபட்ட எல்லாருக்கும், பாத்திரம் கழுவிய தம்பிமார் உட்பட, என் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
உங்கள் திருகோணமலை நண்பன்