உன்னுடைய காசு பெரும்பாலும் வந்து சேர்ந்துவிட்டது, பிள்ளை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நல்ல சுகம். முழங்கால் நோ அப்படியே இருக்கிறது.

போன கிழமை போனில், "சோலார் காசைக் குறைத்துப்போட்டாங்களாம், நான் மாதம் கொஞ்சம் கூட்டி அனுப்பவோ?" என்று கேட்டாய். எனக்குப் போனில் கணக்குச் சொல்ல வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் கூரைச் சோலார் பலகைகளின் கரண்டை வாங்கி இலங்கை மின்சார சபை எனக்குத் தரும் காசை யாரும் குறைக்கவில்லை. 2018 ஜூனில் கையெழுத்து வைத்த ஒப்பந்தத்திலேயே இருக்கிறது: மொத்தம் 20 வருடம், முதல் 7 வருடம் யூனிற்றுக்கு 22 ரூபா, மிச்சம் 13 வருடம் 15.50. இந்த 2025 ஜூனோடு ஏழு வருடம் முடிந்தது. நீ கேள்விப்பட்டது புதிதாகப் போடுகிறவர்களின் விலை. 2022இல் அவர்களுக்கு 37 ரூபா என்றார்கள், பிறகு 27 ஆனது, 2025இல் 5 கிலோவாட் வரை 20.90 ஆக்கினார்கள்.

எங்களுடையது 5 கிலோவாட். நல்ல வெயில் மாதத்தில் 600 யூனிற் வரும். தனி ஆள், 120க்கு மேல் எனக்குச் செலவில்லை. மீற்றர் இரண்டு பக்கமும் எண்ணும். வெளியே போனதில் உள்ளே வந்ததைக் கழித்து, மிச்சத்துக்குக் காசு. 480 யூனிற்றுக்கு முன்பு 10,560 ரூபா, இப்போது 7,440. மாரியில் இன்னும் குறையும். கரண்ட் பில் என்று நான் ஒரு சதம் கட்டுவதில்லை, அதையும் சேர்த்துப் பார்.

விலை ஏன் இறங்குகிறது என்று நீ கேட்பாய். நடுப்பகலில் எல்லாக் கூரையும் ஒரே நேரத்தில் தள்ளுகிறது, எடுக்க ஆளில்லை. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுக்கக் கரண்ட் நின்றதே, அன்றைக்கும் பாவனை குறைவு, வெயில் அதிகம். அதனால்தான் சித்திரை வருடப்பிறப்புக்கு ஏப்ரல் 13 முதல் 21 வரை, பிற்பகல் 3 மணிவரை சோலாரை நிற்பாட்டி உதவச் சொல்லி மின்சார சபை கேட்டது. நான் ஒன்பது நாளும் நிற்பாட்டினேன். காசு போனதுதான். ஆனாலும் நாடு முழுக்கக் கரண்ட் நிற்காமல் ஆசுபத்திரியில் மெசின் ஓட வேண்டுமே, பிள்ளை.

2022 உனக்கு நினைவிருக்கும். ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டிய நாட்கள். கூரையில் வெயில் கொதிக்கும், வீட்டுக்குள் காற்றாடி சுற்றாது. வெளியில் கரண்ட் நின்றால், பலகையின் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வேர்ட்டரும் தானாக நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவனுக்கு அடிக்காமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. அம்மா படுக்கையில் கிடந்தாள். நான் பனையோலை விசிறியோடு பக்கத்தில் இருந்தேன். அன்றைக்கு எனக்கு அந்தப் பலகைகளைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஆனால் பராமரிப்பை விடவில்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர் அல்லவா, அதால் கழுவினால் காய்ந்தபிறகு கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாகப் படியும். கேத்தலின் அடியில் பிடிக்குமே, அதே படிவு. முதல் வருடம் தெரியாமல் கழுவிவிட்டேன். இப்போது மழைத்தண்ணீரை இரண்டு பரலில் பிடித்து வைத்து, விடியற்காலையில், கண்ணாடி சுடுவதற்கு முன் பக்கத்து வீட்டுப் பெடியனை ஏற்றித் துடைப்பிக்கிறேன். வேம்பின் கிளையையும் வெட்டுவித்தேன். அதன் நிழல் ஒரு பலகையின் மூலையில் விழுந்தாலே அந்த வரிசை முழுவதும் தரும் கரண்ட் குறைந்துவிடும்.

சரி, சொல்ல வந்தது இதுதான். நீ 2018இல் பனிக்குள் இரண்டு வேலை செய்து அனுப்பியது 900,000 ரூபா. மாதாமாதம் வந்த சோலார் காசை நான் செலவழிக்கவில்லை, உன் பெயரில்தான் போட்டு வந்தேன். 2022இல் மட்டும் அம்மாவின் மருந்துக்கு எடுத்தேன். எடுத்ததையும் சேர்த்து இந்த ஜூனோடு 841,000 வந்துவிட்டது. ஜாம் போத்தல் விளக்கின் புகையில் படித்த பிள்ளை நீ. உன் காசு வீணாகவில்லை என்பதை எழுத்தில் வைக்க வேண்டும்போல் இருந்தது.

இனி மாதம் வரும் ஏழாயிரமும் என் பென்சனும் எனக்குக் காணும். நீ அனுப்புவதை நிற்பாட்டு. நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது அடையாள அட்டையை மறக்காமல் கொண்டு வா. வங்கியில் உன் கையெழுத்து வேண்டுமாம்.

அன்புடன்,
அப்பா