காட்பாடி மேம்பாலத்தில் என் பையைச் சுமந்த அக்காவுக்கு

போன மாசியில் குடியாத்தத்திலிருந்து ரயிலில் வந்து காட்பாடியில் இறங்கினேன். நடைமேம்பாலத்தில் பாதிப் படி ஏறுவதற்குள் தொடைகள் துவண்டு உட்கார்ந்துவிட்டேன். என் கட்டைப்பையை வாங்கிக்கொண்ட அக்கா, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

தைராய்டு அதிகம் சுரந்ததற்குக் கதிரியக்க அயோடின் விழுங்கி அப்போது மூன்று மாதம். "வைத்தியம்தான் முடிந்துவிட்டதே, இன்னும் என்ன சோர்வு?" என்று வீட்டில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நீங்கள் அப்படிக் கேட்கவில்லை. கழுத்தைத் தொட்டுக் காட்டி, "எனக்கும் இதே கதைதான்மா" என்றீர்கள். அதிகச் சுரப்பு தொடைத் தசையைக் கரைத்துவிடும், அது தேறப் பல மாதம் பிடிக்கும் என்றீர்கள். "ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச்., அதான் தைராய்டை வேலை வாங்க மூளை அனுப்பும் சுரப்பு, அதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதே. அது தாமதமாகத்தான் நிமிரும். தைராய்டே சுரக்கும் டி4 எவ்வளவு என்றும் கேள்."

கேட்டேன். டி.எஸ்.எச். இன்னும் தரையில், டி4-உம் இறங்கிக் கிடந்தது. மிகையாக ஓடிய சுரப்பி படுத்தேவிட்டது. இப்போது விடிந்ததும் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை, அரை மணி நேரம் கழித்துக் காபி. (நோயைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், அந்த அரை மணி நேரம் இருக்கிறதே!) கை நடுக்கம் நின்று, ஊசியில் நூல் கோக்கிறேன். முடி மட்டும் இன்னும் சீப்போடு வருகிறது.

உங்கள் பெயரைக் கேட்கத் தோன்றவில்லை. பச்சைக் கரைப் புடவையும், பையைத் தந்தபோது கையில் திணித்த கடலை மிட்டாயும்தான் நினைவில் இருக்கின்றன. போன வாரம் அதே படிகளை நிற்காமல் ஏறினேன். மேலே நின்று சற்று நேரம் உங்களைத் தேடினேன், அக்கா.