மனோவசியத்துக்கு ஆட்படுவது மனப்பலவீனம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலையில் பாடசாலை ஒன்றின் கலைவிழாவில் அண்மையில் மனோவசிய நிகழ்ச்சி நடந்தது. மேடைக்கு அழைக்கப்பட்ட பிள்ளைகளில் சிலருக்கு, "கை மடங்காது" என்று சொன்னதும் நீட்டிய கை மடங்கவில்லை. சிலருக்கு ஒன்றுமே நடக்கவில்லை. "மனவுறுதி இல்லாதவர்கள்தான் மயங்குவார்கள்" என்று அறிவிப்பாளர் ஒலிவாங்கியிலேயே சொல்லிவிட்டார். கை மடங்காதவர்களில் என் பெறாமகளும் ஒருத்தி. ரியூஷன் வகுப்பில் அவளைக் கேலி செய்கிறார்கள். வீட்டிலோ நூல் கட்டக் கூட்டிப்போகும் பேச்சு நடக்கிறது. விஞ்ஞானம் கற்பித்த எனக்கு இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

(பத்திரகாளி அம்பாள் கோயிலில் உரு வந்து ஆடுபவர்களை நான் இதில் இழுக்கவில்லை. அது வேறு விடயம்.)

மனோவசியத்துக்கு ஆட்படும் தன்மை ஆளுக்கு ஆள் வேறுபடும், பெரும்பாலானவர்கள் நடுத்தரம். ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் 1959 இல் இதை அளக்க 12 சிறு சோதனைகளை வகுத்தார்கள். கை மடங்காமல் போவதும் அவற்றில் ஒன்றுதான். மாணவர்களாக இருந்தபோது அளந்தவர்களை 25 ஆண்டுகள் கழித்துத் தேடிப்பிடித்து மறுபடி அளந்தபோதும் பெரிய மாற்றமில்லை. இரண்டு அளவீடுகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் இணைபுக் குணகம் 0.71 (முழுப் பொருத்தம் என்றால் 1). ஒரு நாள் மேடைப் பதற்றத்தில் வந்துபோகிற சங்கதி இப்படியா நிலைத்து நிற்கும்?

2012 இல் வெளியான ஸ்டான்போர்ட் ஆய்வுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எளிதில் ஆட்படும் 12 பேரையும் குறைவாக ஆட்படும் 12 பேரையும் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் பேசாமல் படுக்கவைத்தார்கள். அப்போது யாரும் வசியம் செய்யவில்லை. அப்படியிருந்தும் எளிதில் ஆட்படுபவர்களின் மூளையில், திட்டமிட்டு முடிவெடுக்க உதவும் இடப்பக்க முன்பகுதியும், எதைக் கவனிப்பது என்று பொறுக்கியெடுக்கும் பகுதியும் கூடுதலாகச் சேர்ந்து இயங்கின. 24 பேர் சிறிய எண்ணிக்கைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மனவுறுதி இல்லை என்று சொல்ல அதில் எங்கே இடம்?

நடிப்பு என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 1997 இல் ஒரு பரிசோதனையில், வசிய நிலையில் சுடுநீரில் கை வைத்தவர்களிடம், வலியின் வேதனை கூடுகிறது என்று ஒருமுறையும் குறைகிறது என்று ஒருமுறையும் ஆய்வாளர்கள் சொன்னார்கள். வேதனையோடு தொடர்புடைய மூளைப்பகுதியின் இயக்கம் அதற்கேற்ப மாறியதை ஸ்கேன் காட்டியது.

ஒன்றில் ஆழ்ந்துபோகும் இயல்பும் இத்தன்மையோடு ஓரளவு சேர்ந்தே வருகிறது. என் பெறாமகள் கதைப்புத்தகம் எடுத்தால், தாய் பக்கத்தில் நின்று கூப்பிட்டாலும் கேட்காது. இதற்கு நூல் கட்டுவது எதற்கு?

ஆண்டிறுதி விழாக்கள் வரப்போகின்றன. அதிபர்களிடம் கேட்பது இதுதான்: பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் இப்படி மேடையேற்றாதீர்கள். நிகழ்ச்சி முடிந்ததும் அங்கேயே விஞ்ஞான ஆசிரியர் ஒருவரை ஐந்து நிமிடம் விளக்கம் சொல்ல விடுங்கள்.

ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை,
உவர்மலை, திருகோணமலை.